விளக்கு எரிகிறது, வேலை நடக்கவில்லை!

ஸ்விட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் பெட்டியில் விளக்கு எரிகிறது. உள்ளே காற்றாடி சுற்றுகிறது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. அல்லது கருப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து, அதோடு நின்றுவிடுகிறது.

மும்பையில் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. உடனே பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறோம். "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார் கடைக்காரர். அல்லது, "பார்மட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம்.

மறுநாள் பெட்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் உள்ளே இருந்த கணக்கு, கடிதம், போட்டோ ஒன்றும் இல்லை!

இந்த இழப்பு பல நேரங்களில் தேவையற்ற இழப்பு. விளக்கு எரிந்தும் கிளம்பாத கம்ப்யூட்டரை, செத்துப்போன கம்ப்யூட்டர் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஏதோ ஒரு படியில் நின்றுபோயிருக்கிறது. எந்தப் படி என்று தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. அது தெரியாமல் பார்மட் அடிப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே ஆபரேஷன் செய்வதைப் போன்றது.

பெட்டியின் விலை என்ன?

பழைய பெட்டிதானே, போனால் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். பெட்டி போகட்டும். பெட்டிக்குள் இருப்பது?

தாராவியில் சிறு பட்டறை வைத்திருப்பவரின் வரவு-செலவும் ஜி.எஸ்.டி. பில்களும் அதில்தான் இருக்கின்றன. சயானிலோ செம்பூரிலோ ஜெராக்ஸ் கடை நடத்துபவரின் வாடிக்கையாளர் விண்ணப்பங்கள் எல்லாம் அதில்தான். வீட்டில் வைத்துப் பகுதிநேர வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு, மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய சம்பளப் பட்டியல் அதில் இருக்கிறது. ஊரில் உள்ள வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளையின் மார்க் ஷீட், காலமாகிவிட்ட அப்பாவின் படம் எல்லாம் அதில்தான்.

புதிய பெட்டியைத் தவணையில் வாங்கிவிடலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே, கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றதும் நம் முதல் கவலை பெட்டியைப் பற்றி இருக்கக் கூடாது. டிஸ்கைப் பற்றி இருக்க வேண்டும்.

டைப்ரைட்டர் காலத்துப் பாடம்

லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த நகரத்துக்கு வண்டி ஏறிய தமிழர்கள் எத்தனையோ பேர். டைப்ரைட்டர்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அந்த எந்திரத்தில் ரிப்பன் மாற்ற அவர்களுக்குத் தெரியும். இரண்டு எழுத்துக் கம்பிகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டால் விரலால் எடுத்துவிடத் தெரியும். எழுத்தில் மை அடைத்தால் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யத் தெரியும். அதற்கு மேல் போனால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

அவர்கள் எந்திரவியல் படித்தவர்கள் அல்ல. சோறு போடும் எந்திரத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறார்கள். ஆனால் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? "தொட்டால் கெட்டுவிடும்" என்ற பயத்தை யாரோ நம் மனதில் போட்டுவிட்டார்கள். அந்தப் பயத்துக்கு நாம் ரூபாயாகவும், பறிபோன கோப்புகளாகவும் விலை கொடுத்து வருகிறோம்.

ஐந்து படிகள்

ஸ்விட்சைப் போட்ட நொடியிலிருந்து வேலைத் திரை வரும் வரை கம்ப்யூட்டர் ஐந்து படிகள் ஏறுகிறது.

முதல் படி, மின்சாரம் சரியான அளவில் எல்லாப் பாகத்துக்கும் போவது. இரண்டாவது, எந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது. மூன்றாவது, திரைக்குப் படம் போவது. நான்காவது, டிஸ்கைக் கண்டுபிடிப்பது. ஐந்தாவது, டிஸ்கில் உள்ள விண்டோஸ் கிளம்புவது.

இந்தச் சுயசோதனை இன்று நேற்று வந்ததல்ல. 1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே அது இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு சின்ன 'பீப்' சத்தம் போடும். சரியில்லை என்றால் வேறு விதமாகச் சத்தம் போடும். ஆக, தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல கம்ப்யூட்டர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை!

முதல் படி: மின்சாரம்

விளக்கு எரிகிறதே, காற்றாடி சுற்றுகிறதே, மின்சாரத்தில் என்ன கோளாறு என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் மின்சாரத்தை, எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. காற்றாடி சுற்றுவது 12 வோல்ட்டில். மற்ற வோல்ட் குறைந்திருந்தாலும் காற்றாடி சுற்றும். ஆகவே, காற்றாடி சுற்றுவதை வைத்து எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கடையில் இது ஐந்து, பத்து நிமிட வேலை.

இன்னொன்று: பிராசசருக்கென்று தனியாக நான்கு அல்லது எட்டு ஊசி கொண்ட ஒயர் ஒன்று மதர்போர்டுக்குப் போகிறது. அது தளர்ந்திருந்தால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், வேறு ஒன்றுமே நடக்காது. வீடு மாற்றும்போது பெட்டியை டெம்போவில் ஏற்றி இறக்கியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படி: சுயசோதனை

திரை இருட்டாக இருந்து, பெட்டி விட்டுவிட்டு 'பீப்' போட்டால், எத்தனை முறை, நீளமா, குட்டையா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் அது இருக்கும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஒலிபெருக்கி கிடையாது. அதற்குப் பதிலாக ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் சிலவற்றில் இருக்கும்: சி.பி.யூ., டி-ராம், வி.ஜி.ஏ., பூட். எது அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தடங்கல்.

இந்தப் படியில் அடிக்கடி மாட்டிக்கொள்வது ராம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நகரத்தில் காற்றே ஈரம். ராமின் பித்தளை நிறப் பற்களில் மெல்லிய அழுக்குப் படிந்துவிட்டால் போதும், எந்திரம் ராமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடும்.

வைத்தியம் எளிது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பெட்டியின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட வேண்டும். பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்க வேண்டும். பிறகு ராமை எடுத்து, பற்களைப் பள்ளிப் பிள்ளையின் மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை வெளியே தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, 'டக்' என்று பிடிக்கும் வரை அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றதைப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும். புதிய எந்திரங்களில் ராமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை படம் வர சில நிமிடங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது.

"மதர்போர்டு போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதப்பட்ட பெட்டிகளில் சில, இந்த ரப்பர் வைத்தியத்திலேயே எழுந்து உட்காரக்கூடியவை.

மூன்றாவது படி: திரை

கம்ப்யூட்டர் நன்றாகக் கிளம்பிவிட்டு, படம் மட்டும் வராமல் இருப்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் எந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டரின் ஒயரையும், மானிட்டர் எந்த வழியில் படத்தை எதிர்பார்க்கிறது என்பதையும் பாருங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில், மானிட்டர் ஒயரைக் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டிவிட்டால், படம் வராமல் போகலாம். பெட்டியைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது நடக்கிற சங்கதி இது. இதற்காகக் கடைக்கு ஆட்டோ பிடிப்பது வீண் செலவு அல்லவா?

நான்காவது படி: டிஸ்க்

"நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் பவுண்ட்" என்று திரையில் வந்தால், முதல் மூன்று படிகளும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். எந்திரம் விண்டோஸைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. இந்த நிலையில் யாராவது மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளாமல் காரணம் கேளுங்கள்.

முதலில், குத்தி வைத்திருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள். எந்திரம் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

அடுத்து, கிளம்பும்போதே 'டெலீட்' அல்லது 'எப்-2' பட்டனைத் தட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் செட்டிங்ஸ் திரை வரும். கடைக்காரர்கள் பயாஸ் என்று சொல்வது இதைத்தான். அங்கே டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல சகுனம். கோளாறு கிளம்பும் வரிசையிலோ விண்டோஸிலோ இருக்கலாம். தெரியாவிட்டால், டிஸ்குக்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கலாம். இரண்டு முனையையும் கழற்றி மாட்ட வேண்டும். இன்னொரு ஒயரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே திரையில் தேதியையும் பாருங்கள். பல வருடத்துக்கு முந்தைய தேதி காட்டினால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற செல் தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். 3 வோல்ட் செல். அது தீர்ந்தால் கடிகாரம் மட்டுமல்ல, எந்திரத்தின் செட்டிங்குகளும் மறந்துபோகலாம். டிஸ்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பது மாறிப்போனால் விண்டோஸ் கிளம்பாது. ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுகூட இந்தச் செல்லுக்கு ஆகாது. பெட்டி நன்றாக ஓடும் நாளிலேயே அந்த செட்டிங்ஸ் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஐந்தாவது படி: விண்டோஸ்

விண்டோஸ் சின்னம் வந்து, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது நீலத் திரை வருகிறது. அல்லது திரும்பத் திரும்ப முதலிலிருந்து கிளம்புகிறது. பார்மட் என்ற வார்த்தை அதிகமாகப் புழங்கும் இடம் இதுதான். அவசரம் கூடாத இடமும் இதுதான்.

2024 ஜூலை 19-ந் தேதி நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விளக்கு எரிந்தது, நீலத் திரையோடு நின்றது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை ஊழியர்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன? பார்மட் அல்ல! கம்ப்யூட்டரைச் 'சேப் மோடில்' கிளப்பி, கெட்டுப்போன அந்த ஒரே கோப்பை அழிப்பதுதான். விண்டோஸ் சுருண்டு விழுந்ததற்காக, டிஸ்கில் உள்ள கணக்கையும் கடிதத்தையும் அழிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெரிய கம்பெனிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? விண்டோஸ் தொடர்ந்து இரண்டு, மூன்று தடவை கிளம்பாமல் போனால், தானாகவே ஒரு பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' இருக்கிறது. முந்தைய நிலைக்குத் திரும்ப 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறது. கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்க வழி இருக்கிறது. 'சேப் மோட்' இருக்கிறது. இவை நான்கையும் முயன்ற பிறகுதான் அடுத்த பேச்சு.

'ரீசெட்' என்று ஒரு வழியும் அங்கே உண்டு. அதில் கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்று கேட்கும். வைத்துக்கொள் என்று சொன்னாலும், நாம் ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். கணக்குப் புரோகிராம் தன் கோப்புகளைத் தன் சொந்த இடத்தில் வைத்திருந்தால், அவையும் போகக்கூடும். ஆகவே முதலில் நகல் எடுக்க வேண்டும், பிறகுதான் ரீசெட்.

விண்டோஸ் கிளம்பாதபோது நகல் எடுப்பது எப்படி? டிஸ்கைக் கழற்றி, ஒரு ஒயர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் அது ஒரு பெரிய பென் டிரைவ் மாதிரி திறக்கும். அல்லது உபுண்டு போன்ற இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பெட்டியைக் கிளப்பி, கோப்புகளை வெளியே எடுக்கலாம். இது தெரியாத மெக்கானிக் அபூர்வம். கேட்டால் செய்வார், கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாறினாலோ, செட்டிங்ஸ் மாறினாலோ, அது 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கும். பெரும்பாலும் அந்த எண் நம் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். பெட்டி ஓடும்போதே அதை எடுத்து, நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்பு கிடைக்காது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

இவ்வளவு சொன்னதால், எதை வேண்டுமானாலும் பிரித்துப் போடலாம் என்று அர்த்தமல்ல.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளை அடிக்கும். கருகிய வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் புகுந்த பெட்டியைச் சோதனைக்காகக்கூட ஸ்விட்ச் போடாதீர்கள். ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்று தட்டும் சத்தம் போட்டால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, உள்ளே மிச்சம் இருப்பதையும் கெடுத்துவிடலாம். அந்த டிஸ்கைத் தகவல் மீட்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கை வைக்காதீர்கள். அது கம்பெனிச் சொத்து. ஆனால் திரையில் வந்த வாசகத்தைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, அதற்குரிய ஆளிடம் ஒப்படையுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேள்விக்கு ஆளாவது அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாதான். கையில் சாட்சி இருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லலாமா?

கிராண்ட் ரோடு பக்கம் லேமிங்டன் ரோட்டில் நடந்து போனால், கைத்தேர்ச்சி உள்ள எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்க்கலாம். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது பாவம். பார்மட் ஏன் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

பார்மட் அடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு பெட்டியைப் பார்க்கலாம். கூலியும் நிச்சயம். ஆனால் காரணத்தைத் தேடினால் அரை நாள் ஆகலாம். கடைசியில் "ஒயர்தான் தளர்ந்திருந்தது" என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒயரைச் சொருகியதற்கா இவ்வளவு காசு?" என்று சண்டை போடுகிறோம்!

டாக்டருக்குப் பரிசோதனைக் கட்டணம் கொடுக்கிறோம். அவர் ஒரு மாத்திரைகூட எழுதாமல் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றால் மகிழ்ச்சியோடு வருகிறோம். மெக்கானிக்குக்கு மட்டும், பாகத்தை மாற்றினால்தான் காசு, பார்மட் அடித்தால்தான் காசு என்று வைத்திருக்கிறோம். கண்டுபிடிக்கிற அறிவுக்குக் கூலி கொடுக்க மறுக்கிறோம். அதனால் அவர் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டார். இந்தத் தப்பில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு.

ஆகவே, "முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள். பார்த்த கூலியைத் தனியாகத் தருகிறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். அந்தக் காசு, பறிபோகும் கணக்குப் புத்தகத்தின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கடையில் என்ன சொல்வது?

நம்மவர்களுக்கு இன்னொரு கஷ்டம் பாஷை. கவுண்டரில் நின்று "சாலூ நஹீ ஹோதா" என்ற மூன்று வார்த்தையோடு நிறுத்திவிடுகிறோம். விளக்கு எரிந்ததா, 'பீப்' வந்ததா, திரையில் என்ன எழுதியிருந்தது, முந்தின நாள் என்ன நடந்தது என்று சொல்ல வருவதில்லை. நோயாளி வாய் திறக்காவிட்டால் வைத்தியர் ஊகிக்கத்தானே செய்வார்?

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் படியில் நின்றது, என்னென்ன செய்து பார்த்தோம் என்று ஐந்து வரி போதும். கூடவே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "பினா பூச்சே பார்மட் மத் கீஜியே." கேட்காமல் பார்மட் அடிக்காதீர்கள் என்று அர்த்தம். மதர்போர்டோ ராமோ மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். என்ன மாற்றினார், என்ன விலை என்று பில் வாங்குங்கள்.

பில் கேட்பது சண்டை அல்ல. அது சட்டம் தந்த உரிமை. 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை செய்துவிட்டு பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கட்டணம் கிடையாது. இந்தி வராது என்பதற்காக நம் உரிமை குறைந்துவிடாது.

"பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்ற பேச்சும் இப்போது பலமாகக் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது உண்மைதான். பாதுகாப்புக்காக அதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆதரவு முடிந்ததால் பெட்டி கிளம்பாமல் போகாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒருவர் பேசினால், அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, நம் பர்ஸைப் பார்க்கிறார்!

சங்கங்கள் செய்ய வேண்டியது

"எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேர லோக்கல் ரெயில் பயணம். இதையெல்லாம் கற்றுக்கொள்ள நேரம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. தனி ஆள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்வது கஷ்டம்தான். கூட்டாகக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை.

மாட்டுங்காவில், சயானில், தாராவியில், முலுண்டில் தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. பொங்கல் விழா நடத்துகிறோம். பட்டிமன்றம் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். அதோடு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் தொடங்கும் முன்பு, ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மேஜை மேல் வைத்து, ராமை எப்படிக் கழற்றுவது, செல்லை எப்படி மாற்றுவது, டிஸ்கில் இருப்பதை எப்படி நகல் எடுப்பது என்று காட்டினால் என்ன? நம் பிள்ளைகளில் என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தமிழில் சொல்லிக் கொடுக்க அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எந்தப் படியும் எந்த நாளும் உடையலாம். டிஸ்க்கும் ஒருநாள் சாகத்தான் செய்யும். ஆகவே முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு நகல், பெட்டிக்கு வெளியே, இன்னொரு டிஸ்கில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் போதும். நகல் இருப்பவன் எந்தக் கடையிலும் தைரியமாகப் பேசுவான்.

ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து, இங்கே ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்த நமக்கு, அந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கும் எந்திரம் அன்னியமாக இருக்கக் கூடாது. அது கிளம்பவில்லை என்றால், எங்கே நின்றது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை, பார்மட் என்ற வார்த்தைக்குத் தலையாட்டாதீர்கள்.